பரோலோ பார்க்கப் போனோம், பார்பேரா வாங்கி வந்தோம்

அக்டோபர் 9, 2024, புதன் – ஆல்பா

ஒயின் ஊர் என்று வந்தால், வடமேற்கு இத்தாலியின் இந்த ஆல்பாவில் முதலில் மூக்கில் ஏறியது வறுத்த ஹேசல்நட் கொட்டை வாசனை. நுட்டெல்லா செய்யும் ஃபெரேரோ கம்பெனி 1946-ல் தொடங்கியது இங்கேதான். ஆலை இன்னும் ஓடுகிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தெருவே மணக்கிறது. பசியோடு வருகிறவர்களைப் படுத்துவதற்கென்றே வைத்த மாதிரி.

நாங்கள் பசியோடுதான் வந்தோம். மிலானிலிருந்து காரில் வந்து இறங்கியபோது மணி 2:40. முதல் உணவகத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பை அணைத்தாயிற்று என்றார் ஒருவர், நல்ல சிரிப்போடு. அடுத்த இடத்திலும் அதே பதில், அதே சிரிப்பு. இனி இரவு 7:30-க்குத்தான் சாப்பாடு. கெஞ்சிப் பார்த்தால் இரங்குவார்கள் என்ற நினைப்பெல்லாம் இங்கே செல்லாது. ஒரு சீஸ் கடையில் ரொபியோலா என்ற மென்மையான வெள்ளைச் சீஸும் ரொட்டியும் இரண்டு பேரிக்காயும் வாங்கி, தேவாலயப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏழு யூரோ. கடைக்காரம்மா கத்தி இல்லாததைக் கவனித்து, சீஸை அவரே வெட்டி, தாளில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார்.

கூட வந்திருப்பவள் கல்லூரித் தோழி. குடிக்க மாட்டாள், அசைவம் தொட மாட்டாள், கார் அருமையாக ஓட்டுவாள். ஒயின் ஊரில் சுற்றுவதற்கு இதைவிட நல்ல துணை ஏது? இத்தாலியில் லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹாலைத் தாண்டிவிட்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ருசி பார்க்கிற ஆளுக்கு அது இரண்டாவது கிளாஸிலேயே வந்துவிடும்.

சாயங்காலம் ஒரு ஒயின் கடையில், இந்தப் பக்கத்தின் பேர்போன சிவப்பு ஒயினான பரோலோ கேட்டேன். பரிமாறுகிற பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்போதேவா?" என்று கேட்டான். அவனே ஒரு டோல்செட்டோ ஊற்றினான். நாலு யூரோ. கூடவே ஆலிவ், சின்னச் சின்ன ரொட்டித் துண்டு, சீஸ் என்று ஒரு தட்டு காசில்லாமல் வந்தது. டோல்செட்டோ நல்ல கத்தரிப்பூ நிறம். புளிப்பு கம்மி, கொஞ்சம் துவர்ப்பு, விழுங்கிய பிறகு பாதாம் தோல் போல மெல்லிய கசப்பு. சீக்கிரம் பழுக்கிற திராட்சை, சீக்கிரம் குடித்துவிட வேண்டிய ஒயின். மதியம் வீட்டில் எல்லோரும் இதைத்தான் குடிப்பார்கள் என்றான். அப்போது பரோலோ? "அது ஞாயிற்றுக்கிழமைக்கு. அப்புறம் உங்களை மாதிரி வருகிறவர்களுக்கு."

இரவுச் சாப்பாட்டில் தோழிக்கு முதல் அடி. சைவம் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டித்தான் ஆர்டர் கொடுத்தோம். சுட்ட குடைமிளகாய் வந்தது, மேலே நெத்திலியோடு. திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை: "இறைச்சி இல்லையே, மீன்தானே?" பிறகு முட்டை மஞ்சளில் பிசைந்த தயாரீன் என்ற மெல்லிய பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டிக் கொண்டுவந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மேசையில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு இரண்டரை யூரோ மட்டும் பில்லில் விடாமல் இருந்தது.

அக்டோபர் 10, வியாழன் – பரோலோ, செர்ராலுங்கா

காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியே ஒன்றுமே இல்லை. மூடுபனி. பத்து மணிக்கு மேல் குன்றுகளின் தலை மட்டும் தெரிந்தது. பள்ளத்தாக்குகள் மத்தியானம் வரை வெள்ளையாகவே கிடந்தன. திராட்சை ஏன் மேலே இருக்கிறது, கீழே ஏன் ஹேசல்நட் மரங்கள் என்பதற்குத் தனியாக யாரும் விளக்கத் தேவையில்லை. தெற்கு பார்த்த நல்ல சரிவு, பரோலோ செய்கிற நெபியோலோ திராட்சைக்கு. அதைவிடச் சுமாரான இடம் பார்பேரா என்ற இன்னொரு சிவப்பு ஒயின் திராட்சைக்கு. குளிரும் உயரமும் கொண்ட இடம் டோல்செட்டோவுக்கு. வடக்குச் சரிவும் பள்ளமும் ஹேசல்நட்டுக்கு. பரோலோ எல்லைக்குள் ஒரு ஹெக்டேர் தோட்டம் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது என்பதால் ஒரு முழம் நிலத்தைக்கூட யாரும் தவறான செடிக்குக் கொடுப்பதில்லை.

பரோலோ என்பது திராட்சையின் பெயர் அல்ல, ஊரின் பெயர். அந்த ஊரையும் சேர்த்து 11 ஊர்களில், நெபியோலோவை மட்டுமே வைத்துச் செய்தால்தான் லேபிளில் பரோலோ என்று போடலாம். பிறகு 38 மாதம் காத்திருக்க வேண்டும். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். நாங்கள் பார்க்கிற இந்த வருட அறுவடை 2028 ஜனவரிக்கு முன் கடைக்கு வராது.

ருசி பார்க்கும் அறையில் ஐந்து கிளாஸ், 25 யூரோ. நின்றுகொண்டே, தொட்டுக்கொள்ளக் குச்சி ரொட்டி மட்டும். முதல் ஆச்சரியம் நிறம். ஒயின்களின் ராஜா என்கிறார்களே, கறுத்துத் தடித்திருக்கும் என்று எதிர்பார்த்தால், கிளாஸுக்குப் பின்னால் வைத்த காகிதத்தின் எழுத்தைப் படிக்க முடிகிறது. வெளிர்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த ரோஜா, அடியில் கொஞ்சம் தார். இந்தளவுக்கு ரொம்ப அழகு. வாயில் விட்டதும் கதை மாறியது. ஈறு இழுத்துக்கொண்டது, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, அதன் மேல் புளிப்பு வேறு. மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "காசு குடுத்து வாயைக் காய வைக்கறயேடீ" என்றாள் தோழி, தண்ணீர் பாட்டிலை நீட்டி.

ஊற்றிக் கொடுத்த பெண் பொறுமைசாலி. இரண்டு கிளாஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று லா மோர்ராவிலிருந்து: அங்கே நீலம் பாய்ந்த களிச்சுண்ணாம்பு மண், ஒயின் கொஞ்சம் மிருது, வாசனை முன்னால் வரும். இன்னொன்று செர்ராலுங்காவிலிருந்து: அது இன்னும் பழைய மண், மணற்கல் கலந்து இறுகியது, ஒயினும் அப்படியே முறைக்கும். நடுவில் உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். இரண்டும் ஒரே திராட்சை. அந்த ஒரு நிமிடத்தில் வித்தியாசம் எனக்கும் தெரிந்தது என்று சத்தியமாகச் சொல்வேன்.

பீப்பாய்ச் சண்டையையும் அவர்தான் சொன்னார். பழைய வழக்கம் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாய். 1980-களில் இளைஞர்கள் பிரான்ஸைப் பார்த்து 225 லிட்டர் புதுப் பீப்பாய்க்கு மாறினார்கள். மரமணம் ஏறும், சீக்கிரம் குடிக்க வாகாகும். எலியோ ஆல்தாரே 1983-ல் அப்பாவின் பெரிய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். எதிர்ப்பக்கத்தில் பர்தோலோ மஸ்கரெல்லோ, தன் கையால் வரைந்த லேபிளில் சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று எழுதியவர். 2005-ல் காலமானார். இப்போது இரண்டு தரப்பும் நடுவில் எங்கேயோ வந்து நிற்கிறது, பெரிய பீப்பாய் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றார்.

செர்ராலுங்காவில் குளிர் நடுக்கியது. ஒரு மதுக்கடைத் தாத்தா எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு சின்னக் கிளாஸ் பரோலோ கினாட்டோ வைத்தார். பரோலோவில் சின்கோனா பட்டை, ஏலக்காய் முதலான சரக்குகளை ஊறவைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே ஊரின் ஜுசெப்பே கப்பெல்லானோ என்ற மருந்தாளர் செய்து பிரபலமாக்கினார். கசப்பும் இனிப்புமாக, பாட்டி வைக்கிற கஷாயம் நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மாதிரி. முகர்ந்து பார்த்த தோழி, "இது மருந்துதானே?" என்று இரண்டு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டாள். விரதம் முறிந்துவிட்டது என்று நாளைக்கு நான் யாரிடமும் சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி – லா மோர்ரா

இன்று ஒரு சின்னத் தோட்டத்தில் அறுவடை பார்க்கக் கிடைத்தது. தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் தம்பி தோட்டம். இந்த வருடம் மழை விடவே இல்லை; நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் ரகம், அது இன்னும் தாமதமாகிவிட்டது. சரிவில் சேறு. என் செருப்பைப் பார்த்துவிட்டு அந்த அம்மா தன் பழைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார். ஒரு அளவு பெரிசு, காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டேன்.

நாங்களும் பறிக்கலாமா என்று கேட்டோம். தம்பி அவசரமாகத் தலையாட்டினார்: கூடாது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து, பதிவில் இல்லாத ஆள் கத்தரிக்கோலோடு நிற்பதைப் பார்த்தால் அபராதம். வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

வேடிக்கையே போதுமாக இருந்தது. வரிசைக்கு இருபுறமும் ஒவ்வொரு ஆள். இடது கை குலையைத் தாங்க, வலது கை காம்பில் ஒரு வெட்டு. குலை நீளமானது, தோளில் ஒரு கிளைக்குலை; பழத்தின் மேல் சாம்பல் பூத்த நீலம். வெட்டியதும் உடனே போட்டுவிடுவதில்லை. திருப்பிப் பார்த்து, பூஞ்சை பிடித்த பழங்களைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பித் தரையில் உதிர்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறார்கள். இந்த மழை வருடத்தில் ஒரு குலைக்கு ஐந்தாறு பழம் அப்படிப் போனது. பிளாஸ்டிக் பெட்டி முக்கால்வாசிதான் நிரம்புகிறது. அடிப்பழம் நசுங்கினால் அங்கேயே புளிக்க ஆரம்பித்துவிடும். நான் ஒரு பழம் வாயில் போட்டேன். முதலில் தேன் இனிப்பு. தோலை மென்றால் துவர்ப்பு. விதையைக் கடித்துப் பார்க்கச் சொன்னார் தம்பி: பச்சையாக இருந்தால் கசக்கும், பழுப்பாகி நொறுங்கினால் பறிக்கலாம். நொறுங்கியது.

பறிக்கிறவர்கள் எல்லோரும் வட மாசிடோனியாக்காரர்கள். ஒருவர் வருஷாவருஷம் வருகிறாராம். எங்களைப் பார்த்து, "இந்தியா? பால் பண்ணையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். வட இத்தாலியின் மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபிகள் நிறைய. அவர் கண்ட இந்தியர்கள் அவர்கள்தான். சுற்றிப்பார்க்க வந்தோம் என்றதும் அவருக்குச் சிரிப்பு. மழையில் சேற்றைப் பார்க்கவா?

மத்தியானம் அந்த அம்மா எங்களையும் சமையலறை மேசையில் உட்காரச் சொன்னார். தோழிக்குச் சீஸ் உருக்கி ஊற்றிய காய்கறிப் பணியாரம் ஒன்று, தனியாகவே செய்திருந்தார். எனக்கு, பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டுக்கறி, கரண்டி பட்டாலே பிரிகிற பதம். அதோடு தம்பி 2016 பரோலோவை ஊற்றினார். நேற்று என் வாயைக் காயவைத்த அதே சாமான். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். துவர்ப்பு கறியின் கொழுப்பைப் போய்ப் பிடித்துக்கொண்டது, என் ஈறை விட்டுவிட்டது. புளிப்பு அடுத்த கவளத்துக்கு வாயைக் கழுவி வைத்தது. ரோஜா மட்டும் மிச்சம். கறி இல்லாமல், நின்றுகொண்டு, வரிசையாக ஐந்து கிளாஸ் பரோலோ குடிப்பது என்பது சோறு இல்லாமல் குழம்பைக் குடித்துவிட்டுக் காரம் என்று சொல்வதுதான். 25 யூரோவுக்கு இந்த ஊர் விற்கிற ருசிப் பயணம் எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

தம்பியின் கிளாஸைப் பார்த்தேன். எங்களுக்கு ஊற்றிவிட்டு அவர் குடித்தது, லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து பார்பேரா.

அக்டோபர் 12, சனி – ஆல்பா, பார்பரெஸ்கோ

மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான வெள்ளை டிரஃபிளின் சந்தை இன்று தொடங்கியது. கூடாரத்துக்குள் ஒரே வாசனை: பூண்டு, பழைய சீஸ், கேஸ் கசிவு. கண்ணாடி மூடிக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிடக்கும் ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டுப் பவ்யமாக நகர்ந்தோம். வெளியே உணவகத்தில் கிராம் ஐந்து யூரோ. தட்டுக்கு மேல் சீவச் சீவப் பக்கத்தில் தராசு. முட்டைப் பொரியலின் மேல் ஏழு கிராம் சீவச் சொன்னோம். தோழிக்கு இந்தப் பயணத்தில் முழுத் திருப்தி கிடைத்த சாப்பாடு இது. அவள் முட்டையைச் சைவக் கணக்கில் சேர்த்துக்கொள்வாள்.

பார்பரெஸ்கோ போக அரை மணி கூட ஆகவில்லை. இங்கேயும் நெபியோலோதான். தனாரோ ஆற்றங்கரை கொஞ்சம் வெதுவெதுப்பு, பழம் முன்னாலேயே பழுத்துவிடும். 26 மாதத்தில் விற்கலாம். பரோலோவைவிடச் சீக்கிரம் சமாதானமாகிற சுபாவம். எனக்கு ஊரைவிட அதன் கூட்டுறவுக் கதை பிடித்தது. 1894-ல் ஆல்பா ஒயின் பள்ளியின் தலைவர் தொமீத்ஸியோ கவாத்ஸா விவசாயிகளைச் சேர்த்து இங்கே ஒரு கூட்டுறவு தொடங்கினார். 1920-களில் அது மூடிப்போனது. 1958-ல் ஊர்ப் பாதிரியார் 19 குடும்பங்களைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார். முதல் சில வருட ஒயினைச் செய்தது தேவாலயத்தின் நிலவறையில். அந்தக் கூட்டுறவு இன்றும் நடக்கிறது, சின்ன ஊற்றல் நாலைந்து யூரோவுக்குக் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய பெயர்களின் பாட்டில் விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு – கனெல்லி, நித்ஸா மொன்ஃபெர்ராத்தோ

கனெல்லியில் தரைக்குக் கீழே செங்கல் வளைவுகளோடு நீண்டு போகிற ஒயின் அறைகள், வருடம் முழுக்க ஒரே குளிர். அதற்குக் கதீட்ரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கார்லோ கான்சியா 1865-ல் இங்கேதான் இத்தாலியின் முதல் நுரை ஒயினை மொஸ்காட்டோ திராட்சையில் செய்தார். எனக்கு அதைவிட லேசாகக் கிச்சுகிச்சு மூட்டும் மொஸ்காட்டோ தாஸ்திதான் பிடித்தது. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே கடுங்குளிரில் தள்ளி, ஈஸ்ட்டை வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சர்க்கரை மிச்சமிருக்கும், ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். பீச், எலுமிச்சைப்பூ, திராட்சையே. ஒயின் தெரிந்தவர்கள் இதைக் குழந்தைச் சமாச்சாரம் என்று ஒதுக்குவார்கள். ஹேசல்நட் கேக் ஒரு துண்டோடு குடித்துவிட்டு ஒதுக்கட்டும்.

அங்கிருந்து நித்ஸா. ஞாயிறு மதியச் சாப்பாடு, பெரிய கூடம், எல்லா மேசையிலும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை. பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் உட்கார்ந்ததும் நாற்காலியை நகர்த்தி வணக்கம் சொன்னார்கள். அப்புறம் மூன்று மணி நேரம் எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் மெழுகுவத்தி எரியும் மண் சட்டியில் பாஞ்யா காவ்தா: பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கரைந்த குழம்பு, அதில் பச்சைக் காய்கறியைத் தோய்த்துத் தின்பது. தோழி காய்கறியை மட்டும் தின்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இதோடு பார்பேரா. கறுஞ்சிவப்பு, பல் கறை படிகிற அளவுக்கு. ஆனால் துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, முழுக்கப் புளிப்பு. செர்ரிப் பழத்தின் புளிப்பு. எண்ணெய், பூண்டு, உப்பு என்று எது வந்தாலும் அதை அறுத்துக்கொண்டு போகிறது. புளி இல்லாமல் சாப்பாடு இறங்காத வம்சத்தில் பிறந்தவளுக்கு இது வந்து சேர வேண்டிய இடம். நெபியோலோ என்னைச் சோதித்தது. பார்பேரா உட்கார், சாப்பிடு என்றது. ஒரு பாட்டில் 14 யூரோ, உணவக விலையில்.

இந்தத் திராட்சைக்கு ஒரு கறுப்பு வருடம் உண்டு. 1986-ல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலருக்குக் கண் போனது. பார்பேரா என்று எழுதிய பாட்டில்களும் அதில் இருந்தன. பரிமாறிய பெரியவர் அதை இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். கள்ளக்குறிச்சியில் ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான் என்று நான் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். 1986-க்குப் பிறகு இங்கே சோதனை இறுகியது, மலிவாகக் கொட்டி விற்ற காலம் போனது. பக்கத்து ஊரில் ஜாக்கொமோ போலோன்யா 1982 அறுவடையிலேயே நல்ல சரிவின் பார்பேராவைப் புதுப் பீப்பாயில் வைத்து, இதையும் மரியாதையாகச் செய்யலாம் என்று காட்டியிருந்தார். 2014-லிருந்து நித்ஸா என்ற ஊர்ப்பெயரையே லேபிளில் போடுகிறார்கள், பார்பேரா மட்டும்தான் அதற்குள் போகலாம்.

அக்டோபர் 14, திங்கள் – ரோவேரோ, மூட்டை கட்டல்

மழை. திங்கள், அதனால் பாதி ஊர் மூடிக்கிடக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் ரோவேரோ, மணல் குன்றுகள். அங்கே திறந்திருந்த ஒரே இடத்தில் ஆர்னேஸ் என்ற வெள்ளை ஒயின் குடித்தேன். பேரிக்காய் வாசனை, புளிப்பு மிதம். முன்பெல்லாம் இதை நெபியோலோ வரிசைகளுக்கு ஓரத்தில் நடுவார்களாம், முன்னதாகப் பழுத்துப் பறவைகளை இழுத்துக்கொள்ள. 1970-களுக்குள் கிட்டத்தட்ட அழிந்துபோய், பிறகுதான் தனி ஒயினாக எழுந்து வந்தது. நல்ல ஒயின், மழைநாளில் ஐஸ் குளிரில் குடிக்க வேண்டியதில்லை.

மிச்ச நாள் கணக்குப் போடுவதில் போனது. இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். தோழியின் கணக்கையும் எனக்கே எழுதிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். "என் பெட்டியில பாட்டில் உடைஞ்சா என் பட்டுப்புடவைக்கு யாரு பதில் சொல்றது?" என்று விட்டாள். ஒயின் ஊருக்கு எதற்குடி பட்டுப்புடவை என்று நான் கேட்கவில்லை. கார் சாவி இன்னும் அவளிடம்தான்.

முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, அரை லிட்டர் ஒன்று: சரியாக இரண்டு லிட்டர். அரை லிட்டர் கினாட்டோ, அதில் தோழியும் நானும் ஒரே மனது. ஒரு பாட்டில் நித்ஸா. இன்னொன்றுக்குக் கடையில் 48 யூரோ பரோலோவைக் கையில் எடுத்தேன், பின்னால் திருப்பிப் பார்த்தேன். வீட்டில் மாட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவைக்க ஆள் இல்லை. வத்தக்குழம்பும் மீன் வறுவலும்தான். பரோலோவை அலமாரியில் வைத்துவிட்டு, 11 யூரோவுக்கு இன்னொரு பார்பேரா எடுத்தேன். கல்லாவில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் மூன்றையும் காற்றுக் குமிழித் தாளில் இரண்டு சுற்று சுற்றி, கழுத்தில் டேப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளுக்கு மட்டும் ஒரு யூரோ தனி.